மேலே கடல், கீழே நுரை!

உப்புநீர் மீன்தொட்டி இருக்கிற வீட்டுக்குப் போகிறவர்கள் நேராகப் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஆடி ஆடி வரும். நீல டாம்செல் பாறை இடுக்கிலிருந்து சட்டென்று எட்டிப் பார்க்கும். க்ளீனர் இறால் தன் நீண்ட வெள்ளை மீசையை அசைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தத் தொட்டியைத் தாங்கி நிற்கும் அலமாரிக்கு ஒரு கதவு இருக்கிறதே, அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். திறந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். நிஜமான கூத்து அங்கேதான் நடக்கிறது!

எனக்கு அந்தக் கதவு அடையாறில் ஒரு வீட்டில் திறந்தது. 400 லிட்டர் தொட்டி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. “ஸ்கிம்மர் படுத்திருச்சு, பார்க்க ஆள் வர்றாரு” என்று அவர் சொன்னதுமே, நானும் வரலாமா என்று கேட்டுவிட்டேன். வந்த அண்ணன் கொளத்தூர்க்காரர். வண்ணமீன் வாங்க சென்னையே போகிற இடம் அது. நன்னீர் மீனில் தொழில் பழகி, பிறகு கடல் மீன் பக்கம் வந்தவர். பையிலிருந்து ஒரு பழைய டூத் பிரஷ், வினிகர் பாட்டில், டார்ச், பள்ளிக்கூட ஸ்கேல், ஒரு துண்டு ஆகியவை வெளியே வந்தன. அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

கதவு திறந்ததும் முதலில் வருவது சத்தம். மேல் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்குகிற சலசலப்பு. அது வந்து விழுகிற கண்ணாடிப் பெட்டிக்கு சம்ப் என்று பெயர். அதில் தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் அறையில் அழுக்கைப் பிடிக்கும் துணிப் பை. கடைசி அறையில் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். நடு அறையில் நிற்கிறது நம் கதாநாயகன், ப்ரோட்டீன் ஸ்கிம்மர். முழங்கை உயரத்துக்கு அக்ரிலிக் குழல். மேலே போகப் போகக் கழுத்து குறுகும். கழுத்தின் உச்சியில் ஒரு கோப்பை.

நன்றாக ஓடுகிற ஸ்கிம்மரின் குழல் முழுக்க வெள்ளையாக இருக்கும். கோடிக்கணக்கான பொடிக் குமிழிகள் முட்டி மோதி மேலே ஏறும். கழுத்தில் நுரை பழுப்பாகத் திரளும், ஏறும், கோப்பைக்குள் சரியும். அங்கே உடைந்து கரும்பச்சைச் சாறாகத் தேங்கும். அந்தச் சாற்றின் நாற்றம் இருக்கிறதே! மூடியைத் திறந்தால் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அத்தனையும் மேலே மினுமினுக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

பருப்பு கொதிக்கும்போது மேலே கட்டுகிற நுரையை அகப்பையால் வழித்து எடுப்பார்களே, ஸ்கிம்மர் செய்வதும் அதுதான். மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, உடம்பு விடுகிற வழவழப்பு எல்லாவற்றிலிருந்தும் புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும். மறுமுனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். விலகப் பார்க்கிற முனைக்குப் பக்கத்திலேயே ஒரு காற்றுக்குமிழி கிடைத்தால் விடுமா? தொற்றிக்கொள்ளும். குமிழி ஏறும்போது அழுக்கும் கூடவே ஏறும். அப்படியே விட்டிருந்தால் பாக்டீரியா அதைச் சிதைத்து அமோனியாவாக்கி, அது நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அழுகுவதற்கு முன்னால் வெளியே எடுத்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கருவியின் பெருமை.

நன்னீர்த் தொட்டியில் இதை ஏன் பார்ப்பதில்லை என்று அண்ணனைக் கேட்டேன். “உப்புதான் சார் விஷயமே. நல்ல தண்ணியில குமிழி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாயிடும். உப்புத் தண்ணியில சேராது, பொடிசாவே நிக்கும்.” குமிழியின் விட்டம் பாதியானால், அதே அளவு காற்றுக்கு அழுக்கு ஒட்டக்கூடிய பரப்பு இரண்டு மடங்காகும். பொடிக் குமிழி மெதுவாகவும் ஏறும். வழியில் அழுக்கைப் பிடிக்க நேரம் கிடைக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. இந்த 400 லிட்டர் தொட்டியில் மட்டும் 14 கிலோ கரைந்திருக்கிறது! கடலும் இதே வேலையைச் செய்கிறது. 2019 கடைசியில் மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கிக் கிடந்ததும், பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மழையோடு கடலில் சேர்ந்த கழிவுநீரையும் சோப்பையும் அலை அடித்து அடித்து நுரையாக்கிக் கரையில் தள்ளியது. குழந்தைகள் விளையாட வேண்டிய நுரை இல்லை அது. ஸ்கிம்மர் கோப்பையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

சரி, நோயாளிக்கு வருவோம்.

கோப்பை காய்ந்து கிடந்தது. குழலுக்குள் தண்ணீர் தெளிவாக இருந்தது, அங்கங்கே பெரிய பெரிய குமிழிகள் மட்டும். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. “புதுசு வாங்கிடலாமா?” என்றார் வீட்டுக்காரர். “இருங்க சார். செத்துப்போச்சுன்னு சொல்ற ஸ்கிம்மர்ல பாதிக்கு மேல மூச்சடைப்புதான்” என்றார் அண்ணன். காற்றுதான் இந்தக் கருவிக்கு எல்லாம். தண்ணீரைச் சுழற்றும் பம்ப், தான் சுழலும் வேகத்தில் ஒரு சின்ன துவாரம் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சி, ஊசி ஊசியாக முள் வைத்த சக்கரத்தில் போட்டு நொறுக்குகிறது. நீடில் வீல் என்பார்கள். காற்று வருகிற பாதையில் எங்கே அடைத்தாலும் நுரை போச்சு.

அவர் செய்த முதல் சோதனை அவ்வளவு எளிது, அவ்வளவு அழகு! காற்றுக்குழாயின் வெளி முனையைக் கட்டைவிரலால் மூடினார். நல்ல ஸ்கிம்மர் என்றால் விரலைக் கவ்வி இழுக்கும். பம்பின் சத்தமும் மாறும். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். கவ்வவே இல்லை. அடுத்து, சத்தம் குறைக்க மாட்டியிருக்கும் சைலன்சரைக் கழற்றினார். அதில் பூச்சி, தூசி அடைத்தாலும் காற்று நிற்கும். கழற்றிய பிறகும் மாற்றமில்லை. டார்ச்சை அடித்து, காற்றுக்குழாய் பம்போடு சேரும் இடத்தைக் காட்டினார்.

அங்கே இருந்தது ஒரு குட்டிப் படிகக் குகை! வறண்ட காற்றும் உப்புத்துளியும் சந்திக்கிற இடம் அது. துளி காயும், உப்பு படியும், அதன்மேல் இன்னொரு துளி காயும். அப்படியே அடுக்கடுக்காக வளர்ந்து, பென்சில் நுழையும் துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓரங்களில் சதுரம் சதுரமாக உப்புக்கற்கள் மின்னின. அண்ணன் ஒரு டம்ளரில் சுடவைத்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, ஓடுகிற ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை அதில் முக்கினார். குழாய் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது, திணறியது, ஒரு ‘களக்’ சத்தம். அடுத்த நொடி குழல் அடியிலிருந்து வெண்மை பொங்கிக்கொண்டு வந்தது. நான் கைதட்டினேன். வீட்டுக்காரரின் பேத்தி ஓடி வந்து, “அங்கிள், இன்னொரு தடவ பண்ணுங்க!” என்றாள்.

சம்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை அடுத்து ஸ்கேல் வைத்து அளந்தார். பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்கிறார். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் இத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆழம் கூடினால் நுரை ஈரமாகப் பொங்கி, கோப்பையில் வெறும் உப்புத்தண்ணீர் நிறையும். குறைந்தால் நுரை கழுத்தையே எட்டாது. சென்னைச் சூட்டில், மின்விசிறிக் காற்றில், தொட்டித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் ஈடுகட்டுவது நல்ல தண்ணீரால் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் தானியங்கி மிதவை இங்கே ஒழுங்காக இருந்தது.

ஆனால் கொண்டாட்டம் ஒரு காபி குடிக்கும் நேரம்கூட நீடிக்கவில்லை. வெண்மை மெல்ல வடிந்தது. பம்ப் கரகரவென்று அரைத்தது. “போன வாரம் கரண்ட் போய் வந்ததுலேருந்து இந்தச் சத்தம்தான்” என்றார் வீட்டுக்காரர். அண்ணன் முகம் மாறியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்கிம்மரை அப்படியே வெளியே தூக்கினார்.

சொட்டச் சொட்டப் பக்கெட்டில் இறங்கிய ஸ்கிம்மரை அவர் பிரித்த விதத்தை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். கோப்பையைத் திருகினால் தனியே வந்தது. பம்பின் முன்மூடியைத் திருகினால் நீடில் வீல் தெரிந்தது. விரலால் பிடித்து இழுத்தால் காந்த உருளையோடு இம்பெல்லர் முழுசாகக் கையில். எல்லாவற்றின் மேலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. தொட்டித் தண்ணீரில் இருக்கிற கால்சியம், பம்பின் சூட்டில் கார்பனேட்டாகப் படிந்துவிடும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று பொங்கியது. அந்தக் கரியமில வாயுக் குமிழிகளையும் பேத்தி விடாமல் எண்ணப் பார்த்தாள்.

பூச்சு போனதும் உண்மை வெளியே வந்தது. நீடில் வீலின் முட்களில் சில ஒடிந்திருந்தன. அது பெரிய விஷயமில்லை. காந்தத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில் மயிரிழை விரிசல். அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கறை. உப்புநீர் உள்ளே போய்க் காந்தம் துருப்பிடித்து உப்பியிருந்தது. உப்பிய காந்தம் பம்பின் சுவரில் உரசுகிறது, அதுதான் கரகரப்பு. இப்படிப்பட்ட பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடும். கரண்ட் போய் வந்தால் நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறும். “இத மறுபடி தொட்டியில போடவே கூடாது சார்” என்றார் அண்ணன், குரலில் முதல்முறையாகக் கண்டிப்பு. காந்தத்தின் உலோகம் தண்ணீரில் கரைவது ஆபத்து. இறால் வகைகள் அதற்கு முதல் பலி. அந்த மாடலுக்குத் தனி இம்பெல்லரும் இப்போது கிடைப்பதில்லை. ஆக, புது ஸ்கிம்மர்.

எதை வாங்குவது? இங்கே நான் கொஞ்சம் கட்சி கட்டுகிறேன். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-லும் 2010-லும் சில ஸ்கிம்மர்களை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார். தண்ணீரில் அளக்க முடிந்த கரிமக் கார்பனில் அவை எடுத்தது 20 முதல் 30 சதவீதம்தான். எந்த வகை என்றாலும் கிட்டத்தட்ட இதே கதை! மிச்சம் நுரையில் ஒட்டாத வகை. அதற்குக் கரித்தூள் பையும் தண்ணீர் மாற்றுவதும் வேண்டும். இதைப் படித்த பிறகு விலையைப் பார்த்து மயங்குவதை விட்டுவிடலாம். அலமாரிக்குள் அடங்குகிறதா, கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற இடம் இருக்கிறதா, உதிரிபாகம் நம்மூரில் கிடைக்குமா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். தூக்க இடமில்லாத கோப்பையை யாரும் கழுவ மாட்டார்கள். அண்ணனும் அதே அளவுகோலோடு வந்தார். அலமாரி உயரத்தை அளந்து, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் டி.சி. பம்ப் வைத்த ஒன்றைத் தேர்ந்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கரண்ட் போய் வந்தாலும் மெதுவாகக் கிளம்பும்.

புதுசு வரும் வரை தொட்டியைச் சும்மா விட முடியாது. அழுக்கை எடுப்பது போக, ஸ்கிம்மர் தண்ணீரில் ஆக்ஸிஜனும் ஏற்றுகிறது. அது நின்றால் இரவில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். சம்பில் ஒரு ஏர் பம்பைப் போட்டார். தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, கரித்தூள் பையைத் தொங்கவிட்டார். மீன்களைப் பற்றி வீட்டுக்காரர் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. அவர் வளர்ப்பது பண்ணையில் பொரித்த க்ளவுன் மீன்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்துக் காட்டியவை. கடலிலிருந்து பிடிக்காத மீன் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. தொட்டியில் இருப்பதும் செயற்கைப் பாறைதான். கடல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலிக்கு நிகரான முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது.

புது ஸ்கிம்மர் வந்த நாளும் போய் உட்கார்ந்துவிட்டேன், விடுவேனா! பெட்டியிலிருந்து எடுத்ததை நேராகத் தொட்டியில் வைக்கவில்லை. வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அலசினார். தொழிற்சாலையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு நுரைக்கு எதிரி. சம்ப் ஆழம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால், அடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பிவலைப் பலகையை வைத்து உயர்த்தினார். வெளியேறும் வால்வை முழுதாகத் திறந்துவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் குழல் கொந்தளித்தது. மேலே தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி பரவி, மீன்கள் மூட்டத்துக்குள் நீந்தின. வீட்டுக்காரர் பதறினார். அண்ணன் சிரித்தார். “பழகிக்கட்டும் சார். ஒரு வாரம், பத்து நாள் வால்வைத் தொடாதீங்க. உள்சுவர்ல ஒரு மெல்லிசு படலம் பிடிக்கணும். அதுவரைக்கும் ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் ஒண்ணுமே வராது.”

தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. புது ஸ்கிம்மர் வாங்கியவர்கள் மணிக்கொரு தரம் வால்வைத் திருகித் திருகிக் கடைசியில் கருவியையே குறை சொல்வார்கள். இந்த வீட்டில் பேத்திதான் காவல். நுரை எட்டும் இடத்தைக் கழுத்தில் மார்க்கரால் கோடு போட்டு, பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பார்த்தாள்.

அவளுக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடங்களை நானும் குறித்துக்கொண்டேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை பொத்தென்று விழுந்துவிடும். எண்ணெய் நுரையை உடைக்கும். உறைய வைத்த தீனி போட்டாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான், பதற வேண்டாம், தானே ஏறும். ரிட்டர்ன் பம்பை மட்டும் நிறுத்தினால் மேல் தண்ணீர் கீழே இறங்கி சம்ப் மட்டம் உயரும். ஸ்கிம்மர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் கோப்பை வழிந்து, சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் திரும்பத் தண்ணீரில். அதனால் இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். அப்புறம் கொசுமருந்து! ஸ்கிம்மர் அறைக்காற்றை மணிக்குச் சில நூறு லிட்டர் இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. அறையில் அடிக்கிற கொசு ஸ்ப்ரே நேராக மீனுக்கும் இறாலுக்கும் போய்ச் சேரும். அந்த வீட்டுக் கூடத்தில் அன்றைக்கே கொசுமருந்து நின்று, ஜன்னலுக்கு வலை வந்தது.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் போனில் கத்தினார்: “கறுப்பா வந்துருச்சு!” போய்ப் பார்த்தேன். கழுத்தில் நுரை கெட்டியாக, மடிப்பு மடிப்பாக நின்றது. கோப்பையில் இரண்டு விரற்கடை சாறு. அண்ணன் வால்வைத் துளியூண்டு மூடினார். நுரை கழுத்தின் அடிக்கு வந்து நின்றது. இன்னும் மூடினால் வெளிர் தேநீர் நிறத்தில் நிறைய வரும். திறந்தால் கெட்டிக் குழம்பாகக் கொஞ்சம் வரும். தீனி தாராளமாகப் போடுகிற வீடு என்பதால் கொஞ்சம் ஈரமாகவே வரட்டும் என்று விட்டார். கழுத்தின் உட்புறம் பிசுக்கு ஏறினால் நுரை ஏறாது, ஆகவே மூன்று நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். அந்த வேலைக்குப் பேத்தி தானே பெயர் கொடுத்துவிட்டாள், மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு.

பழைய ஸ்கிம்மரின் குழலில் ஒரு கீறல்கூட இல்லை. பம்பை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு, குழலையும் கோப்பையையும் துண்டில் சுற்றி அண்ணன் கொளத்தூருக்கு எடுத்துப் போனார். பொருந்துகிற வேறு பம்ப் ஒன்று அவர் கடையில் இருக்கிறதாம். புதிதாக வரும் மீன்களைத் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டிக்கு அது போதும் என்றார். அதை மாட்டுகிற அன்றைக்கும் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.